நாற்பதைத் தாண்டி எடை குறைக்க டயட்டீஷியனிடம் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 40-லிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள். முதல் நாள் வரும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பயன்படும்.

முன்பு சாப்பிட்ட அதே சாப்பாடுதான். இப்போது மட்டும் ஏன் எடை ஏறுகிறது?

நாற்பது வயதானதும் உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம் சட்டென்று விழுந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்ததில், உடம்பின் பருமனையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறாமல்தான் இருக்கிறது.

மாறுவது தசையும் பழக்கமும். முப்பதுக்கு மேல், உடம்புக்கு வேலை கொடுக்காதவர்களுக்குத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பதவி உயர்வு வந்தால் நாற்காலியை விட்டு எழுவது குறைகிறது. தெருமுனைக் கடைக்கும் வண்டியை எடுக்கிறோம். தூக்கம் கெடுகிறது. தட்டில் விழும் அளவு மட்டும் இருபத்தைந்து வயதில் இருந்த அதே அளவு. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வயதை மாற்ற முடியாது, இந்தக் காரணங்களை மாற்றலாம்.

மாதவிடாய் நிற்கும் சமயத்தில் வயிறு மட்டும் போடுகிறது. இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது கொழுப்பு சேரும் இடம் மாறுகிறது. முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்கு வருகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. உடம்பில் திடீர்ச் சூடு, ராத்திரி வியர்வை, அரைகுறைத் தூக்கம், மறுநாள் அசதி, அந்த அசதிக்கு இன்னொரு காபியும் இரண்டு பிஸ்கட்டும் என்று ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது. இந்த வயதுப் பெண்களிடம் நான் சாப்பாட்டுக்கு முன்பு தூக்கத்தைப் பற்றித்தான் கேட்பேன். வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு படுத்து, எல்லோருக்கும் முன்னால் எழும் ஒருவரிடம் கீரை சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியில்லை.

எனக்கு உண்மையிலேயே எடை அதிகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் கூடுதல் எடை, 25 தாண்டினால் உடல் பருமன். மேல்நாட்டு அட்டவணைகளில் 25, 30 என்று இருக்கும், அது நமக்கு ஒத்துவராது. ஒல்லியான கை கால்களோடு வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும் உடல்வாகு நம்முடையது. குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

அதனால் எடை மிஷினைவிட இஞ்ச் டேப்பை நான் அதிகம் நம்புகிறேன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். பேன்ட் இடுப்பு அளவைச் சொல்லாதீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம், அது எத்தனை வருடமானாலும் 36-லேயே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும்.

முதலில் டாக்டரா, டயட்டீஷியனா?

டாக்டர். சாப்பிட்டதற்கும் ஏறின எடைக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரைகள், சில வலிப்பு மாத்திரைகள் எடையை ஏற்றும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவும் ஏற்றும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கைந்து கிலோ வரைதான். இருபது கிலோவுக்கும் தைராய்டையே காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு பழையபடியே இருந்து சோறு மட்டும் பாதியானால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரும்போது சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான பரிசோதனை), ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டுகளும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

நல்ல டயட்டீஷியனை எப்படிக் கண்டுபிடிப்பது?

படிப்பைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஊட்டச்சத்தும் உணவியலும் படித்து, மருத்துவமனையில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 1963-இல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) என்று போட்டுக்கொள்வார்கள். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தப் படிப்பு பல காலமாக இருக்கிறது. 2021-இல் வந்த சட்டம் ஒன்று இந்தத் தொழிலையும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் நான்கு வாரச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு நியூட்ரிஷனிஸ்ட் என்று பலகை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

படிப்புக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்வது இதுதான்: உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் அச்சடித்த சார்ட்டை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று தெரியாமல் எழுதின தாள் உங்களுக்கானது இல்லை. பவுடரோ ஷேக்கோ வாங்கினால்தான் ஆலோசனை என்றாலும் வேண்டாம்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பார்கள்?

எனக்கு இதுதான் முக்கியமான முக்கால் மணி நேரம். "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்குவேன். "காபி, நாலு இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி தோசை." பெரும்பாலும் இவ்வளவுதான் முதல் பதில்.

என் மேஜையில் மூன்று அளவு டம்ளர், ஒரு குழிக்கரண்டி, ஒரு சாதக் கரண்டி, பெரிய ஸ்பூன், சின்ன ஸ்பூன் எல்லாம் இருக்கும். காபி எந்த டம்ளர்? சர்க்கரை தலை தட்டியா, குவித்தா? சாதம் இந்தக் கரண்டியில் எத்தனை? ரசத்துக்கும் மோருக்கும் மறுபடி போட்டுக்கொண்டீர்களா? தோசைக்கு எண்ணெய் ஸ்பூனில் விட்டீர்களா, கிண்ணத்திலிருந்து சுற்றி ஊற்றினீர்களா? இப்படிக் கேட்கக் கேட்க, மறந்துபோனதெல்லாம் வரும். பையன் மிச்சம் வைத்த அரைத் தோசையை வீணாக்க மனசில்லாமல் சாப்பிட்டது. நாலு மணிக்கு ஆபீஸ் வாசல் டீக்கடையில் வடை. சீரியல் பார்க்கும்போது டப்பாவிலிருந்து எடுத்த மிக்சர். நான் யாரையும் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. மாற்ற வேண்டிய இடம் பெரும்பாலும் இந்த மறந்துபோன வாய்களில்தான் இருக்கிறது. சின்ன ஸ்பூன் சர்க்கரை ஒன்று 20 கலோரி. நாளைக்கு நான்கு காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 160.

அடுத்து மளிகைக் கணக்கு. "மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்?" நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. அதுவே கிட்டத்தட்ட 270 கலோரி. 25 கிலோ அரிசி மூட்டை நான்கு பேருக்கு ஒரு மாதம் வருகிறது என்றால் ஒருவருக்குத் தினமும் 200 கிராமுக்கு மேல், இட்லி அரிசியும் கோதுமையும் தனி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டுக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம், எண்ணெய் 27 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. (இந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வு அறையாகத் தொடங்கி, பிறகு ஹைதராபாத் போனது.) எடை குறைக்க வேண்டியவருக்கு இதிலும் குறையும். காய்கறியில் 400 கிராமை எட்டும் வீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது என்றால் தனியாகப் பேச நேரம் கேளுங்கள், கொடுப்போம்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா? சிறுதானியத்துக்கு மாறினால் குறையுமா?

சோற்றை விடச் சொல்லி நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து சாப்பிட்டதை ஒரே நாளில் பறித்தால் பத்து நாள் தாங்கும், பதினோராம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பும். ஆனால் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஒரு சிட்டிகையாகவும் இருப்பதை மாற்றியே ஆக வேண்டும். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வு மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. இது மிக அதிகம்.

தட்டில் முதலில் காயைப் பரிமாறுங்கள், பாதித் தட்டுக்கு. கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று. மிச்சக் கால் பாகம் சோறு. குழம்பு ஊற்ற இடம் போதவில்லை என்று தோன்றும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ராகி, சாமை, வரகு நல்லவைதான். ராகியில் கால்சியமும் நாரும் அரிசியைவிட மிக அதிகம். கலோரியில் மட்டும் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்று கரண்டி சோற்றுக்குப் பதில் மூன்று கரண்டி சாமைச் சாதம் என்றால் எடை மிஷினில் ஒன்றும் தெரியாது. ராகியை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரையும் வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ, கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுவது மேல்.

நான் சைவம். புரதத்துக்கு எங்கே போவது?

நடுவயதில் இது பெரிய கேள்வி. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். புரதமும் உடற்பயிற்சியும் போதவில்லை என்றால் அதிகமாகவே போகும். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு. 65 கிலோ உள்ளவருக்குச் சுமார் 54 கிராம்.

"தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே" என்பார்கள். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம் பருப்புப் போட்ட சாம்பாரில் ஒருவருக்கு வருவது 25 கிராம் பருப்பு, அதில் ஐந்தரை கிராம் புரதம். அதையும் மேலாகத் தெளிவாக எடுத்து ஊற்றிக்கொண்டால் இன்னும் குறைவு. சாம்பாரோடு கெட்டியாக ஒரு கூட்டு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், தினமும் 400 மில்லி பாலும் தயிருமாக, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாரம் இரண்டு மூன்று நாள் பனீரோ சோயா உருண்டையோ என்று போனால் சைவத்திலேயே எட்டிவிடலாம். அடையும் பாசிப்பயறு பெசரட்டும் தோசையைவிட இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். முட்டை சாப்பிடுபவர்களுக்கு வேலை சுலபம், ஒன்றில் 6 கிராம் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று செய்ய முடியாதே?

செய்யவே வேண்டாம். தனிச் சமையல் ஒரு மாதம்கூட ஓடாது. அதே குழம்பு, அதே பொரியல், பரிமாறும் அளவு மட்டும் வேறு. நாற்பத்தைந்து வயது அப்பாவுக்குச் சொல்லும் சாப்பாடு பதினைந்து வயது மகளுக்கும் கெடுதல் இல்லை. அவளுக்குச் சோறும் பாலும் கூட வைத்தால் போதும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சமைப்பவர் வராமல் நீங்கள் மட்டும் என்னிடம் வந்து தாளை வாங்கிப்போய் மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுப்பதில் பயன் குறைவு. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இன்னும் நல்லது, வாரத்தில் சில நாள் காய் நறுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வது. 400 கிராம் காய் என்று நான் எழுதுவது சுலபம். நான்கு பேருக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல், யாரோ ஒருவர் உட்கார்ந்து நறுக்க வேண்டும்.

எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?

தொடக்கத்தில் வாரத்துக்கு அரை கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ. போகப் போக வேகம் குறையும். ஆறு மாதத்தில் இப்போதிருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் அது நல்ல பலன். 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, முட்டிவலி, குறட்டை எல்லாம் இந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும்.

மாதம் பத்து கிலோ என்று உறுதி கொடுக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அவ்வளவு வேகமாக இறங்கினால் தசை போகும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும்.

இரண்டு மாதம் நன்றாகக் குறைந்தது. இப்போது மிஷின் முள் நகரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா?

இந்த இடத்தில்தான் பலர் வருவதை நிறுத்துகிறார்கள். இளைத்த உடம்புக்குத் தேவையும் குறைவு, அதனால் முன்பு குறைத்த அளவு இப்போது போதாமல் போகிறது. மறுபடி மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம். கூடவே இடுப்பையும் அளந்து பாருங்கள். எடை நின்ற மாதங்களில் இடுப்பு குறைவது உண்டு.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வை இந்தச் சமயத்தில் சொல்வேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், சராசரி வயது 46. 2006-இல் முடிவு வெளிவந்தது. ஒன்றும் செய்யாத குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் இந்தப் பலன். முள் நகரவில்லை என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

சாப்பாட்டை மாற்றாமல் நடந்தால் மட்டும் போதாதா?

போதாது. அரை மணி நேர வேகநடையில் செலவாவது சுமார் 100, 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நடப்பவர்களுக்குத்தான் குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்கிறது. வாரம் 150 நிமிஷம் நடங்கள். எங்கே நடப்பது என்பவர்களுக்கு, தமிழக அரசு 2023-இல் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்திருக்கிறது, மரநிழலும் இருக்கும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு வேளை பட்டினி, பேலியோ, கீட்டோ?

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் காலை எட்டு மணிக்கு அடுத்தது என்பது நல்ல பழக்கம், தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் போவதெல்லாம் ஆளைப் பொறுத்தது. சர்க்கரை மருந்து எடுப்பவர்கள், அல்சர் உள்ளவர்கள் கேட்காமல் தொடங்காதீர்கள். பேலியோ, கீட்டோ போல மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் முறைகளில் முதலில் எடை வேகமாக இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

எடை குறைக்க ஊசி வந்துவிட்டதே, இனி டயட்டீஷியன் எதற்கு?

இந்த ஊசிகளில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. தேவைப்படுபவர்களுக்கு நல்ல மருந்துகள், டாக்டர் பார்த்து எழுத வேண்டியவை. ஊசி போடுபவர்களுக்குப் பசி நன்றாகக் குறையும். அந்தக் கொஞ்சச் சாப்பாட்டில் புரதமும் நாரும் சத்தும் அடங்க வேண்டும் என்பதால் எங்கள் வேலை கூடத்தான் செய்கிறது. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடு என்ற மருந்தை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

செலவு அதிகம் ஆகுமா?

மாதக்கணக்குப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். மருத்துவமனைகளில் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம்தான். முதல் மாதம் இரண்டு முறை, பிறகு மாதம் ஒரு முறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரை, ரத்த அழுத்தப் புறநோயாளிப் பிரிவில் டாக்டரைப் பார்த்து உணவு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாணம், தீபாவளி வந்தால்?

சாப்பிடுங்கள். பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு வேளை விருந்து யாருடைய எடையையும் ஏற்றியதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் இருக்கும் பலகாரத் தூக்குதான் ஏற்றும். தீபாவளி பலகாரத்தை மறுநாளே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

டயட்டீஷியனை மாற்ற வேண்டும் என்று எப்போது முடிவு செய்வது?

மூன்று மாதம் சொன்னபடி செய்தும் எடை, இடுப்பு, ரத்தப் பரிசோதனை எதிலும் மாற்றம் இல்லை, அவரும் திட்டத்தை மாற்றவில்லை என்றால். உங்களைப் பார்த்து வெட்கப்படும்படி பேசினால். உங்களால் வாங்க முடியாத அவகாடோவையும் ஓட்ஸையுமே திரும்பத் திரும்ப எழுதினால். அப்படி மாறும்போது பழைய தாள்கள், எடைக் குறிப்பு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போங்கள். எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று தெரிந்தால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.